நீலச் சட்டை வெளியே போன நாள்

காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. இவ்வளவு துல்லியமாக நான் சொல்வதற்குக் காரணம், எங்கள் முதியோர் இல்லத்தின் வாசற்காவலர் எதையும் எழுதாமல் விடமாட்டார். அவருடைய கொப்பியில் அந்த நேரத்துக்கு எதிரே சிங்களத்தில் ஒரு வரி இருந்தது: மிஸ் ஒருவர் வெளியே போனார், மருந்துக்கடைக்கு. அந்த மிஸ்ஸுக்கு வயது எண்பத்திரண்டு.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. இன்றைக்கும் கேற் திறக்கிற சத்தம் கேட்டால் யார் போகிறார்கள் என்று எழும்பி எட்டிப் பார்க்கிறேன்.

இல்லம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் அவர்களுடைய பொழுதைப் போக்குவது என் வேலை. என் சொந்தப் பொழுது கவலைப்படுவதில் போகிறது, அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. எனக்கு ஒரு மகள், வயது பத்தொன்பது, பம்பலப்பிட்டியில் படிக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு பிள்ளைக்கு என்னென்ன நடக்கலாம் என்று என்னிடம் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. ஆகவே மணிக்கொரு தடவை அவளுக்குப் போன் எடுப்பேன். "இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். எனக்கும் அது போதும்.

விசித்திரமான நாட்களைக் கொண்டாடுகிற யோசனை அவளுடையதுதான். இன்ரநெற்றில் பார்த்தால் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது, தலையணைக்கும் இருக்கிறது, விக்கலுக்கும் இருக்கிறது, உங்கட ஆக்கள் ஏன் பொங்கலும் நத்தாரும் வரும்வரை காத்திருக்க வேணும் என்று கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது.

முதலில் சோடி மாறிய காலுறை நாள் வைத்தோம். கொழும்பு வெயிலில் யாரிடம் காலுறை இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. பதினெட்டுப் பேரிடமும் தேடியதில் மொத்தம் ஐந்து காலுறைகள் அகப்பட்டன, அவற்றில் ஒன்று நரம்பு வீக்கத்துக்குப் போடுகிற இறுக்கமான உறை. அடுத்து, இரவு உடுப்போடு பகல் முழுவதும் இருக்கும் நாள். அன்றைக்கும் மற்ற நாட்களுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. கட்டிப்பிடிக்கும் நாள் ஏழு நிமிடத்தில் முடிந்தது. ஓய்வு பெற்ற போஸ்ற்மாஸ்ரர் ஐயா, தான் ஐம்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியும் மனைவியையே மற்றவர்களுக்கு முன்னால் தொட்டதில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

பாராட்டும் நாள்தான் பெரிய அழிவு. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். போஸ்ற்மாஸ்ரர் ஐயா, ஓய்வு பெற்ற அதிபர் ரீச்சரைப் பார்த்து, இந்த வயதிலும் உங்களுக்குத் தலைமுடி எவ்வளவு அடர்த்தி என்றார். அன்று பின்னேரமே ரீச்சருக்குத் தலையிடி வந்துவிட்டது. நாவூறு என்று சமையற்கார அம்மா தீர்ப்புச் சொன்னா. அதன் பிறகு பாராட்டப்பட்ட எல்லாருக்கும் முழங்கால் குத்தியது, கண் எரிந்தது. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து வரிசையில் நிற்கவைத்துச் சுற்றிப்போட வேண்டியதாயிற்று. மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண்ணூறு பலம் என்பார்கள். எங்களுக்கு நெடி வந்தது. பக்கத்து மாடிவீட்டுக்கும் போனது. அவர்கள் தீயணைக்க ஆள் வேண்டுமா என்று மதிலுக்கு மேலால் கேட்டார்கள்.

சுற்றிப்போட்ட வரிசையில் கடைசியாக நின்றவ ஒப்பரேற்றர் அன்ரி. வேதக்காரி, தனக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மிளகாய் மிச்சம் இருந்தால் வீணாக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நின்றா. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவ. துறைமுகத்துக்குப் பக்கத்துக் கம்பனி ஒன்றில் முப்பது வருடம் ரெலிபோன் ஒப்பரேற்றர். இப்போதும் யார் கூப்பிட்டாலும், "சொல்லுங்க, யாரு பேசுறது?" என்றுதான் திரும்புவா, ஆள் முன்னால் நின்றாலும். ஒரே மகன் ரொறன்ரோவில். சீனி வருத்தம் உண்டு, காலையில் இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பிந்தினால் சீனி இறங்கிக் கை நடுங்கும், பிறகு மயக்கம் வரும்.

அந்த அன்ரிக்கு ஓர் ஆசை இருந்தது. வேலை செய்த காலத்தில் பக்கத்துக் கதிரையில் இருபத்தேழு வருடம் இருந்த சிநேகிதி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கொட்டாஞ்சேனையில் படுக்கையில் இருந்தா. அவவைப் போய்ப் பார்க்க வேண்டும். இல்லத்து ஆட்கள் வெளியே போவதென்றால் இல்லத்துக்குப் பொறுப்பான மேற்றன் கையெழுத்திட்ட அனுமதித் துண்டு வேண்டும். மேற்றன் மகனுக்கு எழுதிக் கேட்டா. தனியாக விடவேண்டாம், டிசம்பரில் நான் வந்து கூட்டிப் போகிறேன் என்று மகன் பதில் போட்டார். அது மே மாதம். அன்ரி பிறகு என்னிடம் வந்து, நீங்களாவது கூட வருவீங்களா என்று கேட்டா.

நான் சொன்னேன், "பார்ப்பம் அன்ரி."

பார்ப்பம் என்பது நான் தாயானபோது என் வாயில் வந்து குடியேறிய சொல். இல்லை என்று சொன்னால் சண்டை வரும், ஓம் என்று சொன்னால் நித்திரை வராது. சிநேகிதிகளோடு மலைநாட்டில் இருக்கிற எல்லவுக்கு ரயிலில் போகவேண்டும் என்று மகள் கேட்டு ஒரு வருடம். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்ரியும் மூன்று தரம் கேட்டா, மூன்று தரமும் பார்ப்பம் என்றேன். நாலாவது தரம் அவ கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புதிய கொண்டாட்டத்துக்கு யோசனை சொன்னா: ஆள் மாறும் நாள். இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஊழியர்களாக வேண்டும், ஊழியர்கள் எல்லாரும் இருப்பவர்களாக வேண்டும். உடுப்பும் மாற்ற வேண்டும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் தடவையாக இல்லத்து ஆள் ஒருவர் தானாகவே யோசனை சொல்லியிருக்கிறா என்று மகளிடமும் மேற்றனிடமும் பெருமையடித்தேன்.

ஒரு சனிக்கிழமை வைத்தோம். ஊழியர்களுக்கு நீல நிறத்தில் முழங்கால் வரை நீளும் மேற்சட்டை உண்டு. என் சட்டையை அன்ரி போட்டுக்கொண்டா, அளவாக இருந்தது. பெரிய செவ்வரத்தம்பூப் போட்ட அவவுடைய ஹவுஸ்கோட்டை நான் போட்டேன். அதுவும் அளவாகத்தான் இருந்தது. அதிபர் ரீச்சர் மேற்றனாகி, துண்டுப் புத்தகத்தையும் சாவிக்கொத்தையும் வாங்கிக்கொண்டா. மேற்றன் ரீச்சருடைய சால்வையைப் போர்த்துக்கொண்டு சாய்கதிரையில் படுத்தா. போஸ்ற்மாஸ்ரர் ஐயா தேத்தண்ணி பரிமாறினார், பாதி கோப்பையிலும் பாதி தரையிலும்.

விளையாட்டு விளையாட்டாகவே இருக்கவேண்டும் என்று நான் வாசலுக்கும் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் காவலருக்கு நன்றாக விளங்கப்படுத்தினேன். இன்றைக்கு முகத்தைப் பார்க்கக் கூடாது, உடுப்பைத்தான் பார்க்கவேண்டும். நீலச் சட்டை என்றால் ஊழியர். மற்றவர்கள் எல்லாரும் உள்ளே இருப்பவர்கள். அவர் தலையாட்டினார். அவர் ஒரு தரம் தலையாட்டினால் அது சட்டம். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு நான் கூடத்தில் போய் ஒரு பிரம்புக் கதிரையில் இருந்தேன். கடற்காற்று வந்தது. யாரோ தேத்தண்ணி தந்தார்கள். அரை மணி நேரம் என் மனதில் ஒரு கவலையும் இருக்கவில்லை. எனக்கு அப்படி நடப்பதே இல்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பதினொன்றேகால், பகல் சாப்பாட்டுக்கு முந்திச் சீனி பார்க்கிற நேரம். அதை மட்டும் விளையாட்டில் சேர்க்கவில்லை. மேற்றன் சால்வையோடே எழும்பி ஊசியோடு வந்தா. எங்களிடம் சீனிக்காரர் எட்டுப் பேர். விரல் ஏழுதான் நீண்டது.

குளியலறை, மேல்மாடி, சாமியறை, உடுப்புக் காய்கிற மொட்டைமாடி எல்லாம் தேடினோம். கடைசியில் காவலரிடம் போனோம். அவர் பெருமையோடு கொப்பியைத் திறந்து காட்டினார். நீலச் சட்டை போட்ட மிஸ் மருந்துக்கடைக்குப் போனா, சிங்களம் நல்ல வடிவாகக் கதைத்தா, வெயிலாக இருந்ததால் தன்னுடைய குடையையும் கொடுத்துவிட்டேன் என்றார்.

எங்கே போயிருப்பா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேற்றனுக்கும் இல்லை.

"கொட்டாஞ்சேனையில எந்த ரோட்?" என்று மேற்றன் கேட்டா.

எனக்குத் தெரியாது. மேற்றனுக்கும் தெரியாது. சிநேகிதியின் பெயரைக்கூட நாங்கள் இருவரும் கேட்டிருக்கவில்லை. மறுப்பதற்கு எங்களுக்கு விலாசம் தேவைப்படவில்லை.

"ஏழு மணிக்கு ஊசி போட்டது. ரெண்டு இடியப்பம்தான் சாப்பிட்டவ. பன்னிரண்டரைக்குள்ள ஏதாவது சாப்பிடாட்டி றோட்டில விழுந்திடுவா," என்றா மேற்றன். அவ இதைச் சொன்ன விதம் மிக அமைதியாக இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது.

பஸ் தரிப்பிடத்தில் இன்னும் நிற்பா என்ற நப்பாசையில் கேற்றுக்கு ஓடினேன். காவலர் கையை நீட்டி மறித்தார். துண்டு எங்கே என்று கேட்டார். என்னைத் தெரியவில்லையா என்றேன். தெரியும், ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நோனாதானே சொன்னீர்கள் என்றார். துண்டுப் புத்தகம் அதிபர் ரீச்சரிடம் இருந்தது. ரீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தம், வீடு முழுக்க நடக்கிற அமளி அவவுக்கு எட்டவில்லை. நான் மூச்சு வாங்க நின்று துண்டு கேட்டதும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"வெளியில என்ன அலுவல்? கூட ஆர் வாறது?"

"ஒருத்தரும் இல்லை ரீச்சர். அவசரம்."

"பார்ப்பம்," என்றா ரீச்சர்.

அந்தச் சொல் கேட்கிற பக்கத்தில் இருந்து எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேற்றன் வந்து புத்தகத்தைப் பறித்துக் கையெழுத்து வைத்தபிறகுதான் கேற் திறந்தது.

பகல் வெயிலில் காலி வீதியில், செவ்வரத்தம்பூ ஹவுஸ்கோட்டும் குளியலறைச் செருப்புமாக நான் ஓடினேன். தரிப்பிடத்தில் அன்ரி இல்லை. இரண்டு மருந்துக்கடைகளிலும் இல்லை. ஒரு கெட்ட நினைவு வந்து, ஒழுங்கை வழியே கீழே இறங்கிக் கடற்கரை ரயில் பாதையையும் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை, அதற்கு மாதாவுக்கு நன்றி சொன்னேன். நான் சைவக்காரி. அந்த நேரத்தில் அன்ரியின் ஆளிடமே கேட்பதுதான் நல்லது என்று பட்டது.

திரும்பிக் காலி வீதிக்கு ஏறியபோது மணி பன்னிரண்டு இருக்கும். மகளுக்கு இன்னும் போன் எடுக்கவில்லை என்று திடுக்கிட்டு ஹவுஸ்கோட்டுப் பையில் கைவிட்டேன். கையில் வந்தது ஒரு செபமாலை. கூடவே கைலேஞ்சியில் முடிந்த நாலு ரொபி. சீனி இறங்கினால் வாயில் போடுவதற்காக அன்ரி எந்நேரமும் வைத்திருக்கும் ரொபிகள். என் போன் நீலச் சட்டையின் பையில் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டது. அவவைக் காப்பாற்றவேண்டிய ரொபி என் கையில் இருந்தது. நான் வீதியோரத்தில் நின்று அழத் தொடங்கினேன்.

புடவைக்கடை முதலாளி ஒருவர் இறங்கி வந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, என்னைவிட இருபது வயதாவது மூத்தவர்.

"என்னம்மா, வழி தப்பிட்டா? வாங்க, ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க."

நான் அழுகையோடே விளக்கம் சொன்னேன். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், வயதான ஒருவரைத் தேடுகிறேன், இது என்னுடைய உடுப்பு இல்லை, என்னுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு அவதான் போய்விட்டா. சொல்லச் சொல்ல எனக்கே அது எப்படிக் கேட்கிறது என்று விளங்கியது. அவர் மிகவும் பொறுமையாகத் தலையாட்டினார்.

"சரி சரி. நீங்க வேலை செய்ற ஆள்தான். ஆரு இல்லேன்டு சொன்ன? சோடா ஒண்டு குடிங்க, பொறகு போவோம்."

கடைப்பையனிடம் மெல்லிய குரலில், கீழே கடற்கரை ஒழுங்கையில் ஒரு முதியோர் வீடு இருக்கிறதுதானே, அங்கே இருந்துதான் என்றார். எனக்கு வயது ஐம்பத்தொன்று. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, நம்பியிருக்கமாட்டார். சோடாவை நான் தொடவும் இல்லை. முழங்கையைப் பிடித்து, ஒவ்வொரு ஓட்டோவையும் கை காட்டி நிறுத்தி, அவர் என்னைக் கேற் வரை கொண்டுவந்து காவலரிடம் ஒப்படைத்தார். இனிமேல் கவனமாகப் பூட்டி வையுங்கள் என்று சிங்களத்தில் புத்தியும் சொன்னார். காவலர் கொப்பியில் எழுதினார்: பன்னிரண்டு பதினெட்டு, உள்ளே இருப்பவர் ஒருவர் திரும்பி வந்தார்.

மேற்றனிடம் என் போன் அன்ரியிடம் இருப்பதைச் சொன்னேன். உடனே இல்லத்துப் போனிலிருந்து என் இலக்கத்துக்கு அடித்தோம். எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ். மேற்றன் வலது கையால் இல்லத்துப் போனிலும் இடது கையால் தன்னுடைய போனிலும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தா. முப்பது வருடம் போனோடு இருந்த ஒருவரின் கையில், ஓய்வு பெற்று இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு போன் கிடைத்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பன்னிரண்டரை வந்தது, போனது. ஒரு மணி வந்தது. சமையற்கார அம்மா கொண்டுவந்து வைத்த சோறு என் முன்னால் ஆறிக் காய்ந்தது. றோட்டில் விழுந்த ஒருவரின் போனை யாரோ எடுத்துக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுவரை என் மனம் போய்விட்டது.

இரண்டு இருபதுக்கு எங்கேஜ் போய், அந்தப் பக்கம் மணி அடித்தது. மேற்றன் ஸ்பீக்கரில் போட்டா. பஞ்சில் துடைத்தது போன்ற ஒரு குரல் வந்தது.

"குட் ஆஃப்டர்நூன். ஹோல்ட் பண்ணுங்க, மற்ற லைன்ல ஆள் இருக்கு."

நாங்கள் ஹோல்ட் பண்ணினோம். லைன் அறுந்தது. பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை, பற்றரி இறங்கிவிட்டது.

உயிரோடு இருக்கிறா என்று நான் கத்தினேன். சீனி இறங்கிறவையும் இப்பிடித்தான் சம்பந்தமில்லாமக் கதைப்பினம் என்றா மேற்றன். மூன்றரை வரை பார்க்கலாம், பிறகு பொலிசுக்குச் சொல்வோம், மகனுக்கும் சொல்ல வேண்டும் என்று முடிவானது. மகனுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். உங்கள் அம்மாவுக்கு நீலச் சட்டை போட்டு, காவலரிடம் முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று சொன்னவள் நான். அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. கேற்றுக்குப் பக்கத்தில், அன்ரி வழக்கமாக இருக்கிற பிரம்புக் கதிரையில், ரொபியைக் கையில் பொத்திக்கொண்டு இருந்தேன்.

மூன்று மணி பத்துக்கு ஒரு ஓட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவள் என் மகள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் எனக்குப் போன் எடுத்திருக்கிறாள். பத்து மணிக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு அழைப்பும் வராததால் பயந்துபோனாளாம். "அம்மா எடுக்கேல்ல எண்டா அம்மாக்கு ஏதோ நடந்திட்டுது எண்டுதானே அர்த்தம்," என்றாள். என் கவலைப்படுகிற வருத்தம் அவளுக்கும் தொற்றியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அழைப்பை எடுத்த அன்ரி, உங்கம்மா வேலையா இருக்காங்க, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறா. பிறகு விலாசத்தைச் சொல்லியிருக்கிறா. மகள் வகுப்பை விட்டுவிட்டு நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து இரண்டு பேரும் இல்லத்துக்குப் போன் எடுத்தார்களாம், எடுக்கிற நேரமெல்லாம் எங்கேஜ். மேற்றன் தன் வலது கையைப் பார்த்தா. இடையில் என் கணவரும் மெல்பேர்னில் இருக்கிற என் அக்காவும் எடுத்திருக்கிறார்கள். அக்காவோடு மட்டும் நாற்பது நிமிடம்.

சிநேகிதி வீட்டு மருமகள் புதியவளாம், நீலச் சட்டையைக் கண்டதும் கொழுந்தன் வெளிநாட்டிலிருந்து ஒழுங்கு பண்ணிய நேர்ஸ் என்று நினைத்துவிட்டாள். படுக்கையில் இருந்த சிநேகிதிக்கு ஆளைத் தெரிந்தது, ஆனால் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நேர்ஸ் தலைமுடியை இழுத்துச் சீவிவிட்டா, நகம் வெட்டினா, விரிப்பை இழுத்துச் சொருகுவது எப்படி என்று மருமகளுக்குப் பாடமும் நடத்தினா. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நேர்ஸ்மாருக்கு நேரத்துக்குச் சாப்பாடு தரவேண்டும் என்று சொல்லிச் சோறும் மீன்குழம்பும் வாங்கிச் சாப்பிட்டா. நான் கையில் நாலு ரொபியோடு அழுதுகொண்டு நின்ற அதே நேரம். அந்த விலாசம் இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

மகள் இவ்வளவையும் சொல்லி முடிக்கிற வரை அன்ரி ஓட்டோவுக்குள் ஆறுதலாக இருந்தா. பிறகு குடையை ஊன்றி இறங்கினா. காவலரிடம் குடையைக் கொடுத்தா, அவர் கொப்பியில் நேரம் எழுதும்வரை பக்கத்தில் நின்று எழுத்தைச் சரிபார்த்தா. நான் கதிரையைவிட்டு எழும்பினேன், தலை சுற்றித் திரும்பவும் இருந்துவிட்டேன். கை நடுங்கியது. காலையில் குடித்த தேத்தண்ணிக்குப் பிறகு என் வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையை விரித்து ரொபிகளை நீட்டினேன்.

அன்ரி அதில் ஒன்றை எடுத்துத் தாளை உரித்து என் வாயில் வைத்தா. என் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் எண்ணினா. பிறகு சால்வையோடு நின்ற மேற்றனைத் திரும்பிப் பார்த்தா.

"இந்தப் பேஷன்ட் பகலைக்கு ஒண்ணும் சாப்பிடல போல. யாரு டியூட்டில இருந்தது?"